பழைய வரிசைவீட்டுக் கூரை: ஷிங்கிளா, உலோகத் தகடா?

கார்டன்வாசி

வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன் வட்டாரத்தில் எங்கள் வீடு. 1950களில் கட்டிய டெரஸ் வரிசையில் நடுவீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். முன்பகுதிக்குச் செம்மண் ஓடு. சமையலறையைப் பின்பக்கம் நீட்டியது 1970களில், அப்பா செய்த வேலை. அதற்கு நெளிவுள்ள சாம்பல்நிறத் தகடு போட்டிருக்கிறார்கள். ஓட்டுக்கூரை பெருமழைக்கு மட்டும் ஒழுகும். சமையலறைக் கூரைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, தூறினாலே வாளி வைக்க வேண்டும்.

இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்துவிட்டோம். ஷிங்கிள் (தாரில் செய்த மெல்லிய கூரைத் துண்டு) போடுவதா, உலோகத் தகடு போடுவதா என்பதில்தான் வீட்டுக்குள் சண்டை. ஹியூஸ்டனில் இருக்கும் தம்பி, "ஷிங்கிள் போடு அக்கா, இங்கே தெருத்தெருவாக அதுதான், மழைச் சத்தமே கேட்காது" என்கிறான். வந்து பார்த்த குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) உலோகத் தகட்டைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தக் காலத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) தகரக் கூரையின் கீழ் வளர்ந்தவர். "மறுபடியும் தகரமா? அதற்கா உன் அப்பா பாடுபட்டு இந்த வீட்டை வாங்கினார்?" என்று கேட்கிறார்.

இங்கே யாராவது ஷிங்கிள் போட்டிருக்கிறீர்களா? உலோகம் போட்டவர்கள் நிம்மதியாக இருக்கிறீர்களா?

முகடு

கூரை வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஷிங்கிள், உலோகம் இரண்டும் அப்புறம். முதலில் அந்தச் சாம்பல்நிறத் தகட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

1970களின் நெளிவுத் தகடு என்றால் அது கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) கலந்த சிமெண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், பாசி போகட்டும் என்று அழுத்தநீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். முழுசாக இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராது. உடைத்துத் தூளாக்கினால்தான் இழை காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். 1991க்கு முன் கட்டிய கட்டடத்தில் புதுப்பிப்பு வேலை தொடங்கும்முன் கல்நார் ஆய்வு செய்ய வேண்டும் என்று 2014இல் வந்த விதிமுறை சொல்கிறது. இருப்பது உறுதியானால், அதற்கென அங்கீகாரம் பெற்ற குத்தகையாளர்தான் மனிதவள அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் கழற்ற வேண்டும். கழிவையும் சாதாரணக் குப்பை லாரியில் ஏற்ற முடியாது.

உங்கள் குத்தகையாளர் இதைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அவருடைய விலைப்பட்டியலை ஓரமாக வையுங்கள்.

இன்னும் மூன்று தகவல் வேண்டும்: இரண்டு கூரைகளின் சாய்வு, ஓட்டுக்குக் கீழே உள்ள மரத்தின் நிலை, அண்டைவீட்டுக் கூரை எதனால் ஆனது.

கார்டன்வாசி

நன்றி ஐயா. அவர் கல்நார் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "இரண்டு ஆள், ஒரு நாள், கழற்றிப் போட்டுவிடுவோம்" என்றார்.

சமையலறைக் கூரை ஏறக்குறையத் தட்டைதான்; நின்று பார்த்தால் சாய்வே தெரியாது. முன்கூரை நல்ல சரிவு. வலப்பக்க அண்டைவீடு இன்னும் எங்களைப்போல் அதே பழைய ஓடு. இடப்பக்கத்தார் வீட்டை இடித்து மூன்று மாடியாகக் கட்டிவிட்டார்கள். அவர்கள் சுவர் எங்கள் கூரைக்கு மேல் எழும்பி நிற்கிறது. மரத்தைப் பார்க்க ஆள் அனுப்ப வேண்டும்.

முன்னாள் டெக்சஸ்

நானும் ஹியூஸ்டனில் பல வருடம் குடியிருந்துவிட்டு உட்லண்ட்சுக்குத் திரும்பியவன். தம்பி சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. ஆனால் அங்கே ஷிங்கிள் ஏன் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஷிங்கிள் என்பது கண்ணாடியிழைப் பாயில் தார் ஏற்றி, மேலே கல்துகள் பதித்த மெல்லிய துண்டு. அதற்குத் தனியாக நிற்கும் வலு கிடையாது. கீழே முழுக்கப் பலகை வேண்டும். அமெரிக்க வீடுகளில் கூரைச் சட்டத்தின்மேல் ப்ளைவுட் அல்லது அதுபோன்ற பலகையை அடித்து மூடுவது வழக்கமான கட்டுமானமே, அதனால் ஷிங்கிளுக்கு மெத்தை ஏற்கெனவே தயார். ஆணித் துப்பாக்கியோடு ஒரு குழு காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கிவிடும். ஆளும் கிடைக்கும், சரக்கும் கிடைக்கும், அதனால் விலையும் குறைவு.

இங்கே நம் பழைய வீடுகளில் சரிவாக இறங்கும் கைமரம், அதன் குறுக்கே மெல்லிய ரீப்பர்ச் சட்டம், அதன்மேல் ஓடு, அவ்வளவுதான். ஷிங்கிள் போட வேண்டுமென்றால் கூரை முழுவதும் வெளிப்புறத் தரத்து ப்ளைவுட் வாங்கி அடிக்க வேண்டும், அதன்மேல் நீர்த்தடுப்பு விரிப்பு, பிறகுதான் ஷிங்கிள். தம்பி சொல்லும் மலிவு அந்தப் பலகையிலேயே கரைந்துவிடும்.

அங்கேயும் அது சாகாவரம் பெற்றதில்லை. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி ஹியூஸ்டனைக் கடந்தபோது எத்தனை கூரைகளில் நீலத் தார்ப்பாய் என்று தம்பியிடமே கேளுங்கள்.

மழைரசிகன்

எல்லாரும் ஷிங்கிளை அடிக்க இறங்கிவிட்டீர்கள். அதற்கு ஒரு நல்ல சொல் நான் சொல்கிறேன். என் மாமனார் வீடு, புக்கிட் தீமா பக்கம், ஷிங்கிள் போட்ட பங்களா. பெருமழையில் மேல்மாடிப் படுக்கையறையில் சாதாரணக் குரலில் பேசலாம். என் வீட்டில் உலோகத் தகடு. மழை பிடித்தால் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் வாய் மட்டும்தான் அசையும். அம்மா சொல்வதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

முகடு

மழைரசிகன், உங்கள் தகட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

மழைரசிகன்

வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ்விரிப்பு. சத்தமும் குறையும், வெப்பமும் குறையும் என்று சொல்லித்தான் போட்டார்கள்.

முகடு

வெப்பத்துக்கு அது ஓரளவு உதவும். சத்தத்துக்கு அதனால் ஆகப்போவது மிகக் குறைவு. மழைத்துளி விழுந்ததும் தகடு அதிரும். அந்த அதிர்வை அடக்கினால்தான் ஓசை அடங்கும். அதற்குக் கனம் வேண்டும், மென்மையும் வேண்டும். கண்ணாடிக் கம்பளியோ பாறைக் கம்பளியோ, தகட்டின் அடிவயிற்றை ஒட்டியபடி, இடைவெளி விடாமல் இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டராவது கேளுங்கள், இடமிருந்தால் 100. அதற்கும் கீழே உட்கூரைப் பலகை இரண்டு அடுக்கு என்றால் பெரும்பாலான வீடுகளில் பேச்சுக் குரல் மழையைத் தாண்டிக் கேட்கும். உட்கூரையின்மேல் மட்டும் கம்பளியைப் பரப்பிவிட்டு, தகட்டை மேலே வெறுமனே விட்டால் பாதிப் பயன்தான்.

விலைப்பட்டியலில் "வெப்பத்தடுப்பு உட்பட" என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். என்ன பொருள், எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்தில் என்று எழுதி வாங்குங்கள்.

சிக்லாப்காரர்

உலோகத்தின் இன்னொரு பக்கம். எங்கள் வட்டாரத்தில் கடல் முன்பு இன்னும் பக்கத்தில் இருந்தது; 1966இல் தொடங்கிய கிழக்குக் கரையோர நிலமீட்பு அதைத் தள்ளிவிட்டது. ஆனாலும் காற்றில் உப்பு இருக்கிறது. எங்கள் தகட்டின் பரப்பில் இன்றுவரை ஒரு புள்ளி துரு இல்லை. திருகாணித் தலைகளில்தான் வந்தது. தகடு நல்ல தரம், திருகாணியில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு திருகாணியின் கீழும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். எங்கள் கூரையில் அதைப் பிதுங்கும்வரை முறுக்கியிருந்தார்கள். பிதுங்கிய விளிம்பு வெயிலில் வெடித்து, அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே.

சிராங்கூன் உள்நாடு. உங்களுக்கு உப்புக் கவலை எங்கள் அளவுக்கு இருக்காது. வளையத்தின் கதை எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

முகடு

நல்ல கண் உங்களுக்கு. வளையம் திருகாணித் தலையின் விளிம்போடு வந்து நிற்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது.

இதனால்தான் வீடுகளுக்குத் திருகாணி வெளியே தெரியாத வகைத் தகட்டைச் சொல்வேன். கீழே பிடிப்பான்களை அடித்து, தகட்டின் விலா எலும்பை அதன்மேல் அழுத்திப் பூட்டுவார்கள். மேற்பரப்பில் துளை கிடையாது. வெயிலுக்குத் தகடு நீண்டு சுருங்கவும் இடம் உண்டு. எஃகு 10 மீட்டர் நீளத்தில் 40 டிகிரி வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் தகட்டின்மேல் திடீரென்று மழை கொட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இறுக்கித் திருகிய தகட்டில் அந்த 5 மில்லிமீட்டர் துளையைத்தான் நெம்பும்.

இன்னொன்று. தகட்டைக் கூரைமேல் வைத்துச் சுழல்தகட்டு இயந்திரத்தால் அறுக்கவிடாதீர்கள். தீப்பொறியாகத் தெறிக்கும் இரும்புத்தூள் சூடாகப் போய்ப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவுப் பனி போதும், மறுநாள் புத்தம்புதுக் கூரையில் பழுப்பு மச்சங்கள். வெட்டுவதென்றால் தரையில், தகட்டுக் கத்தரியால். சாயங்காலம் இறங்கும்முன் கூரையைப் பெருக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கடைவீட்டுக்காரர்

குறுக்கே ஒரு சிறு தகவல். இந்த உரையாடல் இழையைப் படிக்கும் மற்றவர்களில் யாருக்காவது லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பக்கம் பழைய கடைவீடு இருந்தால் இந்த விவாதமே உங்களுக்கு இல்லை. 1989இல் மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்கள் அவை. முதன்மைக் கூரைக்கு மெருகு பூசாத இயற்கை நிறச் சுட்டமண் ஓடுதான் என்று நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டி சொல்கிறது. ஓட்டுக்கு அடியில் நீர்த்தடுப்பு விரிப்பும் வெப்பத்தடுப்பும் போட்டுக்கொள்ளலாம், தெருவில் நிற்பவர் கண்ணுக்கு ஓடுதான் தெரிய வேண்டும்.

கார்டன்வாசி

எங்கள் வீடு அந்தப் பட்டியலில் இல்லை, பார்த்துவிட்டேன்.

மின்கணக்கு

சூரியத் தகடு போடும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பூட்டுவகை உலோகக் கூரையில் விலாவைக் கவ்விப் பிடிக்கும் கவ்விகள் வைத்தே சூரியத் தகட்டை நிறுத்தலாம், ஒரு துளை கூடத் தேவையில்லை. ஷிங்கிளில் ஒவ்வொரு தாங்கிக்கும் கூரையைத் துளைத்துத் தடுப்புத் தகடு செருக வேண்டும். சூரியத் தகடு 25 ஆண்டு போகும். கீழே உள்ள கூரை அதற்குமுன் கைகொடுக்காமல் போனால், எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றும் செலவு உங்களுடையது. மிஞ்சும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்குத் திருப்பி அனுப்பினால் எஸ்பி குழும மின்கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள்.

முன்னாள் டெக்சஸ்

ஷிங்கிளின் ஆயுளைப் பற்றி யாரும் பேசவில்லை. பொட்டலத்தில் முப்பது வருடம், ஐம்பது வருடம் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அந்த உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும், எதற்கெல்லாம் செல்லாது என்பதைப் பொடியெழுத்தில் படியுங்கள். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கும் ஊர் இது. ஜூனில் சூரியன் வடக்குச் சரிவைக் காய்ச்சும், டிசம்பரில் தெற்குச் சரிவைக் காய்ச்சும், இடைப்பட்ட மாதங்களில் இரண்டையும் காய்ச்சும். இங்கே கூரைக்குக் குளிர்கால ஓய்வு கிடையாது. வெயிலில் தார் காய்ந்து இறுகியதும் கல்துகள் உதிரத் தொடங்கும். கூரைக் கால்வாயில் கறுப்பு மணலாகச் சேர்வதைப் பார்க்கலாம்.

ஈரம் வேறு. ஹியூஸ்டனிலேயே வெளிர்நிறக் கூரைகளில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் ஓடும். அது அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பார்கள், உண்மையில் ஒருவகைப் பாசி. முகட்டோரம் துத்தநாகப் பட்டை வைத்தால் மழைநீரோடு கரைந்து வந்து அதைக் கட்டுப்படுத்தும். அழுத்தநீர் பீய்ச்சினால் பாசியோடு கல்துகளும் போய்விடும்.

கார்டன்வாசி

தம்பியிடம் இந்த இழையைக் காட்டினேன். அவனுடைய பதில், அப்படியே: "எல்லாரும் உலோகக் கூரைக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்களா? மின்னல் ஊரில் இரும்பைத் தலைமேல் வைக்கச் சொல்கிறார்களே."

முகடு

ஓய்வூதியக்காரனுக்கு எந்தக் கம்பெனி?

மின்னல் உலோகத்தைத் தேடி வருவதில்லை. உயரத்தையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்து விழுகிறது. சிங்கப்பூரில் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாட்கள் எங்காவது இடி இடிக்கிறது. அத்தனை தொழிற்சாலைகளும் கிடங்குகளும் உலோகக் கூரையோடுதான் நிற்கின்றன. இடப்பக்கத்து மூன்று மாடி வீடு உங்கள் கூரையைவிட உயரம் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். உலோகம் எரியாது என்பது கூடுதல் அனுகூலம். ஐயம் இருந்தால் மின்னல் பாதுகாப்பைப் பொறியாளரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம், அது எந்தக் கூரைக்கும் பொருந்தும்.

அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: காற்று. ஓட்டுக்கூரை ஒரு சதுர மீட்டருக்கு 40, 50 கிலோ இருக்கும். 100 சதுர மீட்டர் என்றால் நாலைந்து டன். உலோகத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ. பழைய மரச்சட்டம் சுமை குறைந்தது என்று மகிழும், ஆனால் இத்தனை வருடம் அந்தச் சட்டத்தைச் சுவரோடு அமுக்கிப் பிடித்திருந்ததே அந்த ஓட்டின் கனம்தான். பல பழைய வீடுகளில் கைமரம் சுவர்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும், ஆணிக்கு மேல் பிடிப்பு இராது. கனத்தை எடுத்துவிட்டுத் தகட்டை மட்டும் நன்றாகத் திருகினால், சுமத்ராக் காற்று (சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று வரும் பலத்த காற்றுமழை) அடிக்கும்போது தகடும் சட்டமும் சேர்ந்தே தூக்கும். 2024 செப்டம்பர் 17 அன்று அடித்த காற்று மணிக்கு 83 கிலோமீட்டரைத் தொட்டது. 1984இல் தெங்காவில் 144 பதிவாகியிருக்கிறது. ஆகவே கைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டைகள் விலைப்பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சட்டத்தையே மாற்றுவதென்றால் பொறியாளரும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதியும் வேண்டும்.

ஷிங்கிளும் எடை குறைவுதான், சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிலோ. பலகையையும் சேர்த்தாலும் ஓட்டின் அருகில் வராது. அதற்கும் இதே பிணைப்பு வேண்டும்.

கரையான் எதிரி

மரத்தைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். பூச்சி பார்ப்பவரையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தக் காலத்தில் செங்கால் என்ற உறுதியான மரம் போட்டிருந்தால் கரையான் எளிதில் பல் வைக்காது. ரீப்பர்ச் சட்டத்துக்கு மட்டும் மட்டமான மரம் போட்டிருப்பார்கள், அது உளுத்திருக்கும். நண்பகலில் உட்கூரைத் திறப்பு வழியாக ஏறி, விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓடு விரிசல். விளக்கைப் போட்டு மரத்தைப் பாருங்கள். நீர்க்கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இராது. நீர் ரீப்பரில் ஓடி, கைமரத்தில் இறங்கி, சௌகரியமான இடம் பார்த்துத்தான் சொட்டும். கறையிலிருந்து முகட்டை நோக்கித் தேட வேண்டும்.

ஷிங்கிளுக்கு அடிக்கும் ப்ளைவுட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றோட்டம் இல்லாத கூரைக்குள் ஈரம் தங்கினால் அது கரையானுக்கு விருந்து.

தாம்சன் குரங்கார்

அப்பர் தாம்சன், காட்டோரம். எங்கள் வட்டாரத்தில் யாரும் ஓடு வேண்டும் என்று கேட்பதில்லை. குரங்குகள் முகட்டு ஓட்டை நகர்த்திவிட்டுப் போகும்; நாம் ஏணி தேட வேண்டும். உலோகத்தில் அவை வழுக்கிக்கொண்டு போகும் ஓசை மட்டும்தான் கேட்கும். ஷிங்கிள் என்றால் பிய்த்துப் பார்த்துவிடும் என்றே தோன்றுகிறது.

நெறியாளர்

குத்தகையாளர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இழையில் எழுத வேண்டாம். எழுதியிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கார்டன்வாசி

ஆய்வு முடிந்தது. பின்பக்கத் தகடு கல்நார்தான். மாதிரி எடுத்துச் சோதித்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற ஒருவர் கழற்றுவதற்குத் தனி விலை கொடுத்திருக்கிறார், நெஞ்சு அடைக்கிறது, ஆனாலும் வேறு வழியில்லை. அம்மா இத்தனை வருடம் அதற்குக் கீழே சமைத்திருக்கிறார் என்று நினைக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

முன்கூரையின் கைமரங்கள் கல்லாக இருக்கின்றன. ரீப்பர்கள் பாதிக்கு மேல் மக்கிவிட்டன. சாய்வை அளந்தார்கள்: முன்கூரை 28 டிகிரி, பின்கூரை 4 டிகிரி.

முகடு

பின்கூரைக்கு விடை கிடைத்துவிட்டது. ஷிங்கிள் மீன் செதிலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரை வழியவிடும், நீரைத் தேக்கி நிறுத்தும் வல்லமை அதற்கு இல்லை. இயல்பாக 18 டிகிரிக்கு மேல் வேண்டும். அடியில் இரட்டை விரிப்புப் போட்டு ஒன்பதரை டிகிரி வரை இறக்கலாம், அதற்குக் கீழே எந்தத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நாலு டிகிரியில் அழுத்தமான காற்றோடு மழை வந்தால் நீர் மேல்நோக்கி ஏறும். பூட்டுவகை உலோகத் தகடு அந்தச் சாய்வுக்கென்றே செய்தது. ஒரே நீளத் தகடாகக் கேளுங்கள், நடுவில் இணைப்பு வேண்டாம்.

இடப்பக்கத்தார் சுவர் உங்கள் கூரையைத் தாண்டி எழும்புகிறது என்றீர்கள். அங்கேதான் எல்லாருக்கும் ஒழுகும். கூரைமேல் விழுகிற நீரை விட, அந்த உயரமான சுவரில் மோதி வழிந்து இறங்கும் நீர்தான் அதிகம். இப்போது அங்கே என்ன இருக்கிறது?

கார்டன்வாசி

சிமெண்டுக் கலவையைச் சாய்வாகப் பூசி, மேலே கறுப்பாக ஏதோ தடவியிருக்கிறார்கள். விரிசல் விட்டிருக்கிறது.

முகடு

கறுப்பாக ஏதோ தடவியது என்றால் ஒழுகியதும் யாரோ வந்து காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுவரில் நீளவாக்கில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்ட வேண்டும். தடுப்புத் தகட்டின் மேல்விளிம்பை மடித்து அந்தக் காடிக்குள் செருகி, ஆப்பு வைத்து, நெகிழும் பசையால் மூட வேண்டும். கீழ்விளிம்பு கூரைத் தகட்டின்மேல் படுத்திருக்கும், ஒட்டக் கூடாது. கூரை வெயிலுக்கு அசையும், சுவர் அசையாது. ஈயத் தகட்டை இந்த வகை எஃகுக் கூரையோடு சேர்க்காதீர்கள். மேலே தண்ணீர் சூடாக்கியின் செப்புக்குழாய் ஏதாவது இருந்து அதன் நீர் கூரையில் வடிந்தாலும் பூச்சை அரித்துவிடும். சுவர் அவர்களுடையது என்பதால் காடி வெட்டும்முன் வாய்விட்டுக் கேளுங்கள், ஒப்புதலை எழுத்திலும் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், நல்ல தகட்டுக்கும் மட்டமான தகட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைவிட இந்த ஓர் இணைப்பை யார் செய்கிறார் என்பதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்க வேண்டும்.

சிக்லாப்காரர்

வலப்பக்கம்? அங்கே ஓடு பொதுச்சுவரைத் தாண்டித் தொடர்ச்சியாகத்தானே போகும்?

கார்டன்வாசி

ஆமாம், நம் ஓடு எங்கே முடிகிறது, அவர்களுடையது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வலப்பக்கத்துப் பாட்டியிடம் பேசினேன். அவருடைய மகன் ஓய்வுநாளில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர்களும் கூரையைச் செய்யும் எண்ணத்தில் இருக்கிறார்களாம், இப்போதே என்று இல்லை.

முகடு

அப்படியானால் அவசரப்படாதீர்கள். முன்கூரை 28 டிகிரி. அந்தச் சரிவில் ஓடு, ஷிங்கிள், உலோகம் மூன்றும் நிற்கும். ஓடு தொடரும் இடத்தில் நீங்கள் மட்டும் மாற்றினால், பொதுச்சுவரின் நடுக்கோட்டில் அவர்களுடைய ஓட்டை அறுத்து, நீளமான ஒரு வடிகால் பள்ளம் வைக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் இலை சேரும், நீர் நிற்கும், ஏடிஸ் கொசு வரும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி ஏணியோடு வருவார். கூரைக் கால்வாயைச் சுத்தமாக வைத்துக் கொசுமருந்து போடச் சொல்லி அவர்கள் நாள்தோறும் விளம்பரம் செய்வது சும்மா இல்லை.

இரு வீட்டாரும் சேர்ந்து செய்தால் பள்ளமே வேண்டாம். சாரக்கட்டுச் செலவும் பாதிப் பாதி.

மழைரசிகன்

சேர்ந்து செய்வதானால் என் வாக்கு ஷிங்கிளுக்கு. முன்கூரைக்குக் கீழேதானே அம்மாவின் படுக்கையறை?

முன்னாள் டெக்சஸ்

செலவு தாங்கும் என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே ஷிங்கிள் அடித்துப் பழகிய ஆட்கள் எத்தனை பேர்? ஆணி ஒரு விரற்கடை மேலே போனால் போதும், அடுத்த வரிசை அதை மூடாது. நிறம் வெளிர்ந்ததாகவும் கேளுங்கள். அடர்நிற ஷிங்கிள் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கைக் குடித்துவிடும். அதே விலைக்கு வெளிர்நிற உலோகமும் தடித்த கம்பளியும் வாங்கலாம்.

முகடு

நான் என்றால் புதிய ரீப்பர், நீர்த்தடுப்பு விரிப்பு, அதன்மேல் மறுபடியும் ஓடு என்பேன். கைமரம் கல்லாக இருக்கிறது, அந்தக் கனத்தைச் சுமந்து பழகியது. நல்ல ஓடுகளைப் பொறுக்கி எடுத்து, உடைந்தவற்றுக்கு மட்டும் புதிது வாங்கினால் போதும். பாட்டி வீட்டுக் கூரையோடும் பொருந்தும், அம்மாவும் சமாதானமாவார். கேட்டது ஷிங்கிளா உலோகமா என்பதால் இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கார்டன்வாசி

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த ஐயா விவரமானவர்" என்றார். தம்பி இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறான். பின்கூரைக்கு உலோகம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டுவிட்டான், 4 டிகிரி என்றதும் அவனால் பேச முடியவில்லை.

ஆகவே இப்போதைக்குப் பின்கூரை மட்டும். கல்நாரைக் கழற்றி, பூட்டுவகைத் தகடு, 100 மில்லிமீட்டர் பாறைக் கம்பளி, இடப்பக்கச் சுவரில் காடி. முன்கூரையைப் பாட்டியின் மகன் வந்து பார்த்தபின் பேசுவோம். ஓடா ஷிங்கிளா என்று அப்போது மறுபடி சண்டை போடலாம். தீபாவளிக்குள் பின்வேலை முடியுமா?

முகடு

தீபாவளி ஒட்டி வேண்டாம். மழைக்காலத்தின் வாசலில் கூரையைத் திறந்து வைக்கிறீர்கள். நவம்பர், டிசம்பர்தான் இங்கே அதிக மழை. சமையலறைக்கு இன்னும் சில மாதம் வாளி வையுங்கள். பிப்ரவரிதான் ஆண்டிலேயே வறண்ட மாதம், தைப்பூசம் முடிந்த கையோடு தொடங்கலாம்.

கரையான் எதிரி

தைப்பூசம் முடிந்ததும் சீனப் புத்தாண்டு வந்து நிற்குமே. அந்த இரண்டு வாரமும் எந்தக் குத்தகையாளர் தொலைபேசியை எடுப்பார்?

முகடு

அதனால்தான் இப்போதே முன்பணம் கட்டி, புத்தாண்டுக்கு அடுத்த வாரத்தை எழுதி வாங்கச் சொல்கிறேன். கல்நார் கழற்றுபவர் முதல் நாள், தகடு போடுபவர் மறுநாள் என்று இருவரையும் அடுத்தடுத்த தேதிகளில் பிணைத்துவிடுங்கள், நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டால் தார்ப்பாய்க்குக் கீழேதான் சமைக்க வேண்டியிருக்கும். மூன்று மீட்டருக்கு மேல் உயரம் என்றால் வேலை அனுமதிச் சீட்டும் பாதுகாப்புக் கயிறும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். காடி வெட்டும் அன்று படம் எடுத்து இங்கே போடுங்கள், மூடுவதற்குமுன் பார்த்துச் சொல்கிறேன்.